லேசாக ஒரு கீறல்

மாலிக்கி கதவைத் திறந்து உள்ளே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "ஒண்ணும் கிடைக்கல மகளே. ஒரு கரடிய லேசாக் கீறிவிட்டுட்டு வந்திருக்கேன், அவ்வளவுதான்." அதைக் கேட்டு முதலில் சிரித்தவள் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது லீட்டியாவின் மேல் பழியைப் போடப் பார்த்தால் விடமாட்டேன்.

மாலிக்கி என் கூடப்பிறந்த தம்பி, எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். அவன் பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் எங்கள் சித்தப்பா பனி உடைந்து கடலோடு போய்விட்டார். அவர் பேரை இவனுக்கு வைத்தார்கள். பேர் யாருடையதோ முறையும் அவருடையது. ஆகவே நான் குண்டி கழுவிவிட்டு வளர்த்த பிள்ளையை நான் சித்தப்பா என்றும் நீங்க என்றும் கூப்பிட வேண்டும். அவன் என்னை மகளே என்பான். நாற்பது வருடமாகிறது, இன்னும் எனக்கு வாய் கூசுகிறது. சித்தப்பாவை அதட்டக் கூடாது, சித்தப்பா பேசும்போது குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது. இந்த மரியாதை மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்குக் காலையிலேயே காதைத் திருகி, ஒழுங்காச் சொல்லுடா என்று கேட்டிருப்பேன்.

எங்கள் ஊரில் வேட்டைக்குப் போய்வந்தவன் பேசும் விதம் அப்படி. கொழுத்த ஆண் மானை அடித்தவன், "எலும்பும் தோலுமா ஒண்ணு, நாய்க்குத்தான் ஆகும்" என்பான். மூன்று சீல் அடித்தவன், "கண்ணு மங்கிப்போச்சு, இனிமே நான் எதுக்கும் உதவமாட்டேன்" என்பான். பெருமையாகச் சொன்னால் அடுத்த தடவை மிருகம் முன்னால் வராது. கரடி எங்கிருந்தாலும் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால் "ஒன்றும் இல்லை" என்றால் அடுப்பில் பானையை ஏற்று என்று அர்த்தம். "கீறிவிட்டேன்" என்றால் தோலை இழுத்துக் கட்டச் சட்டம் தயார் பண்ணு என்று அர்த்தம். நிஜமாகவே ஒன்றும் கிடைக்காதவன் பேசவே மாட்டான். டீயைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான்.

மாலிக்கி பேசினான். அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த வருடம் கரடி அடிக்க யாருக்கு அனுமதி என்று போடும் குலுக்கலில் அவன் பேர் வந்திருந்தது. பதினோரு வருடமாக வராத பேர். அவனைப் பற்றி ஊரில் ஓர் அபிப்பிராயம் உண்டு. நல்லவன், கை ராசி இல்லாதவன் என்று. பெண்டாட்டியும் அதையே சொல்லிவிட்டுத் தெற்கே பெரிய ஊருக்கு விமானம் ஏறிப் போய்விட்டாள். அப்படிப்பட்டவன் நாலு நாள் கழித்து வந்து கரடி என்ற சொல்லை உச்சரித்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில்தான் சிரித்தேன். பள்ளிக்கூடம் கூட்டித் துடைத்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன், முட்டி இரண்டும் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. அதுகூட மறந்துபோயிற்று.

என் கணவரின் தங்கை லீட்டியா என் அடுப்படியில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு பெரிசு கீறினீங்க?" என்றாள் திரும்பாமலே.

"அதான் சொல்றேனே, அது போயிடுச்சு."

"போகாம என்ன பண்ணும், நாலு கால் இருக்குல்ல. இப்ப அந்த நாலு காலும் எங்க இருக்கு? வண்டியிலயா, பனிக்குள்ள புதைச்சு வச்சிருக்கீங்களா?"

"நிஜமா லீட்டியா. பெரிய துப்பாக்கி வெடிக்கல. மகளோட சின்னத் துப்பாக்கிலதான் சுட்டேன்."

"கேட்டீங்களா மதினி. சின்னதுல சுட்டாராம். அடுத்தது கவண்கல்லுல அடிச்சேன்னு சொல்வாரு." அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஊர் எஃப்.எம்.முக்குப் பேசினாள். அடுத்த நிமிடம் எங்கள் வீட்டு ரேடியோவிலேயே அவள் குரல் வந்தது. "எல்லாருக்கும் ஒரு சேதி. மாலிக்கி திரும்பி வந்தாச்சு. அவருக்கு ஒண்ணுமே கிடைக்கலையாம். ரொம்பச் சின்ன ஒண்ணுமில்லையாம். பாத்திரம் எடுத்துட்டு ஊவிலூ வீட்டுக்கு வாங்க."

ஊவிலூ நான்தான்.

வந்தார்கள். ஆம்பிளைகள் பெரும்பாலும் உள்நாட்டுப் பக்கம் மானுக்குப் போயிருந்தார்கள். பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும் வந்து கூடம் நிறைந்துவிட்டது. பிறைக்கத்திகளைத் தீட்டும் சத்தம். மாலிக்கி சுவரோரம் குந்திக்கொண்டு, மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல், டீயில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தான். யார் கேட்டாலும், "அடிக்கல, போயிடுச்சு, காயத்தோட போயிடுச்சு" என்றான். அவன் சொல்லச் சொல்ல இவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் காலத்துப் பசங்களுக்கு இவ்வளவு அடக்கமாப் பேச வராது. அவங்க அப்பன் பேச்சு அப்படியே இருக்கு" என்றார். மாலிக்கி என்னைப் பார்த்தான். நான் அவன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். அந்தப் பார்வையை நினைத்தால் எனக்கு இன்றும் என் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பகல் பன்னிரண்டரைக்குத்தான், இறைச்சியை எடுத்து வரலாம் என்று நான் வெளியே போனேன். அவனுடைய சறுக்குவண்டி வாசலில் நின்றது. கட்டியிருந்த தார்ப்பாயைத் தூக்கினேன். ஒரு கூடாரம், அடுப்பு, காலி பெட்ரோல் கேன் இரண்டு, படுக்கைத் தோல். மரக்கட்டைகளில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கத்தியை உறையிலிருந்து உருவிப் பார்த்தேன். போகும்போது நான் தீட்டிக் கொடுத்தபடியே இருந்தது. எங்கள் நாய்கள் இரண்டும் வண்டியின் பக்கம் மூக்கைக்கூடத் திருப்பாமல் படுத்திருந்தன. தார்ப்பாயின் ஓரத்தில், அவன் இரவல் வாங்கிப் போன என் சின்னத் துப்பாக்கி துணி சுற்றிக் கிடந்தது. பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ஏழு குண்டு பிடிக்கும் பெட்டி அது. மூன்று இருந்தது.



அவனை வெளியே கூப்பிட்டேன். காற்று முகத்தை அறுத்தது. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "சித்தப்பா, எத்தனை சுட்டீங்க?"

"நாலு."

"எங்க பட்டுச்சு?"

அவன் தன் இடது தோளைத் தொட்டுக் காட்டினான். "எல்லாம் இங்கதான். அது பக்கவாட்டுல நின்னுச்சு. தலைய எனக்குக் காட்டவே இல்ல. முன்னங்காலு ஒண்ண ஊனாம நொண்டிட்டே போச்சு. பின்னாடியே போனேன். பனிச்சுவருங்க வந்ததும் காத்து எழும்பிக் காலடிய மூடிடுச்சு. பெட்ரோலும் இல்ல."

"எந்த இடம்?"

"கல்மூக்குக்கு இந்தப் பக்கம்." தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்குத்தான் மகளே உள்ள வந்ததும் வராததுமாச் சொன்னேன். மாப்பிள்ளை அங்கதானே இருக்காரு."

கல்மூக்கு என்ற பாறை முனைக்கு அந்தப் பக்கம் உள்ள ஏரிக்கரையில் என் கணவர் கூப்பாக் பத்து நாளாகக் கூடாரம் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். தனியாக. அவருக்குக் காது கேட்காது. முப்பது வருடம் பெரிய துப்பாக்கியும் பனிவண்டி இன்ஜினும் சேர்ந்து தின்ற காது அது. சாயங்காலம் ஆறு மணிக்கு வயர்லெஸ்ஸைப் போடுவார். சாப்பிட்டீங்களா என்று நான் தொண்டை கிழியக் கத்தினால், காத்து வடக்க இருந்து வருது என்று பதில் சொல்வார். ஆறு மணிக்கு முன்னால் அதை அவர் தொடக்கூட மாட்டார், பேட்டரி போய்விடும் என்று. கூடாரத்துக்குப் பின்னால் ஒரு கரடி வந்து நின்று கனைத்தாலும் அவருக்குத் தெரியாது. அடிபட்ட கரடி சீலைப் பிடிக்க முடியாது. பிடிக்கச் சுலபமானது எது என்று தேடும்.

அவன் வந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. நாலு மணி நேரமும் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"பெரிய துப்பாக்கிக்கு என்ன ஆச்சு?"

"எண்ணெய் போட்டேன்" என்றான். "குலுக்கல்ல பேர் வந்துச்சேன்னு, நல்லாப் பளபளன்னு இருக்கட்டும்னு நிறையப் போட்டேன். குளிர்ல அது பிசினாப் போச்சு. விசைய இழுத்தா குண்டத் தட்டுற ஊசி மெல்லப் போய் முட்டுது, வெடிக்கல. திறந்து துடைக்கப் பார்த்தேன், விரல் மரத்துப்போய் ஊசி பனிப் பிளவுக்குள்ள விழுந்துடுச்சு."

பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும், இந்தக் குளிரில் துப்பாக்கிக்கு எண்ணெய் போடக் கூடாது, உலர்ந்த துணியால் துடைத்து வைக்க வேண்டும் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சித்தப்பா ஆயிற்றே, விழுங்கினேன்.

ஊரில் இருந்த பெரிய துப்பாக்கிகள் எல்லாம் ஆம்பிளைகளோடு மான் பக்கம் போயிருந்தன. எங்கள் வீட்டுப் பெரியது கூப்பாக்கிடமே கூடாரத்தில் இருந்தது. கையில் இருந்தது என்னுடைய சின்ன இருபத்திரண்டு ரகத் துப்பாக்கிதான். குண்டு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. கல்யாணமான புதிதில் கூப்பாக்கின் பெரிய துப்பாக்கியைச் சுடப்போய் அது திருப்பி அடித்ததில் என் தோள் எலும்பு முறிந்தது. அதிலிருந்து இதுதான். பனிக்கோழியும் சீலும் மட்டும் இல்லை, மானும் இதில்தான் அடிக்கிறேன். ஊரில் என்னைக் கெட்டிக்காரி என்பார்கள். கெட்டிக்காரத்தனம் ஒன்றும் இல்லை, நடைதான். பெரியது வைத்திருப்பவன் படுத்த இடத்திலிருந்தே வேலையை முடித்துவிடுவான். இதற்கு நாம்தான் போக வேண்டும். கிட்டே போய், அது தலையைத் திருப்பும் வரை நின்று, காதுக்குக் கீழே, எலும்பு மெல்லிசாக இருக்கும் அந்த ஒரு இடத்தில் வைக்க வேண்டும். முப்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. இதைச் சொன்னாலும் சிரிப்பார்கள்.

உள்ளே போய் லீட்டியாவிடம், "உங்க அண்ணன் பக்கம் போயிட்டு வர்றோம்" என்றேன்.

"இறைச்சி ஏத்தவா? பெரிய வண்டியாக் கொண்டு போங்க மதினி, ஒண்ணுமில்லாதது ரொம்பக் கனமா இருக்கும்."

கூடம் சிரித்தது. கரடி உயிரோடு இருக்கிறது, உன் அண்ணன் அங்கே இருக்கிறார் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சுவரோரம் மாலிக்கி குந்தியிருந்த இடத்தைப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் அவனை மறுபடியும் உட்கார வைத்து அதைச் சொல்ல எனக்கு மனது வரவில்லை, தெம்பும் இல்லை. துப்பாக்கிப் பெட்டியில் ஏழு குண்டையும் நிரப்பி, இன்னும் ஒரு பிடியை எடுத்துச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு வந்தேன்.

மூன்று மணி நேரம் பனிவண்டியில் அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு போனேன். கடல்பனி கட்டாந்தரை போல் இறுகியிருந்தது, ஒவ்வொரு மேட்டிலும் என் முட்டி கழன்று வந்தது. வழியில் ஒரே ஒரு தடவைதான் நிறுத்தினோம். அவன் சுட்ட இடம். பனியில் மூன்று சொட்டு, காய்ந்து பழுப்பாகியிருந்தது. அதைத் தாண்டி, கல்மூக்கைச் சுற்றியதும், காற்று படாத இடத்தில் காலடிகள் மறுபடியும் தெரிந்தன. பெரிய அடிகள் மூன்று, நாலாவது இடத்தில் ஓர் இழுத்த கோடு. கொஞ்ச தூரத்தில் அந்தக் காலடி கூப்பாக்கின் வண்டித் தடத்தில் ஏறியது. பிறகு தடத்தை விடவே இல்லை. மீன் ஏற்றிய வண்டியின் தடம், வாசம் இருக்குமே.

மாலிக்கி அதைப் பார்த்துவிட்டு வண்டியை முடுக்கினான். என் வாய்க்குள் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். பத்து நாள் எதுக்கு மீன், எதுக்கு இந்தப் பிடிவாதம், காது கேட்காத மனுஷனுக்குத் தனியா என்ன வேலை. திட்டுவது நின்றால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

ஏரி தெரிந்தது. கூடாரம் நின்றது. கூப்பாக் உயிரோடு இருந்தார். பனியில் போட்ட ஓட்டையின் முன்னால் மரப்பெட்டியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தூண்டிலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்கும் எங்களுக்கும் நடுவே, அவரிடமிருந்து ஐம்பது அடி இருக்கும், ஒரு பனிக்கட்டியின் மறைவில் கரடி படுத்திருந்தது.

எங்கள் இன்ஜின் சத்தத்தில் அது எழுந்தது. சத்தத்திலிருந்து விலகிப் போக வேண்டும் அதற்கு. விலகிப் போகிற வழியில் அவர் உட்கார்ந்திருந்தார். நொண்டிக்கொண்டு நாலைந்து எட்டு அவர் பக்கம் போனது.

"நிறுத்துங்க" என்றேன். மாலிக்கி இன்ஜினை அணைத்தான். கரடியும் நின்றது. பின்புறத்தை மடித்து உட்கார்ந்தது. இடது தோள் மஞ்சளும் சிவப்புமாக உறைந்திருந்தது.

குரல் கொடுத்துப் பயனில்லை. சத்தம் அவருக்கு எட்டாது, கரடிக்குத்தான் எட்டும். நின்ற இடத்திலிருந்து சுட்டால் தவறுகிற குண்டு அவர் முதுகுக்குத்தான் போகும். மாலிக்கி துப்பாக்கிக்குக் கையை நீட்டினான். "குடு மகளே, நான் ஆரம்பிச்சது" என்றான்.

"நீங்க இங்கயே இருங்க சித்தப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பக்கவாட்டில் சுற்றி நடந்தேன், அவர் குண்டின் பாதையில் வராதபடி. பனி ஒவ்வோர் அடிக்கும் முறுமுறுத்தது. கரடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நேர் நெற்றியில் சுட்டால் இந்தக் குண்டு சறுக்கிக்கொண்டு போய்விடும். இருபது தப்படி தூரத்தில் நின்றேன். அதனோடு மெதுவாகப் பேசினேன், அப்படிப் பேசுவது எங்கள் பழக்கம். "நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல. முட்டி வலிக்குது. கொஞ்சம் அந்தப் பக்கம் பாரு, முடிச்சுடலாம்."

அப்போது கூப்பாக்குக்கு மீன் மாட்டியது. அவர் பெரிய குரலில் ஏதோ சொல்லிச் சிரித்தார், காது கேட்காதவர்கள் தனக்குள் பேசுவதாக நினைத்து ஊருக்கே பேசுவார்களே, அப்படி. கரடி அவர் பக்கம் தலையைத் திருப்பியது. காது தெரிந்தது.

சுட்டேன். அது விழவில்லை. தலையை உதறிக்கொண்டு என் பக்கம் திரும்பி எழுந்தது. இரண்டாவது குண்டு எங்கே போனதென்று எனக்குத் தெரியாது. கை நடுங்கியது, காற்றில் போயிருக்கும். மூன்றாவது கன்னத்தில். அது வந்தது. மூன்று காலில் வரும்போதே அவ்வளவு வேகம் என்றால் நாலு காலில் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். நாலாவது கழுத்தில் பட்டிருக்க வேண்டும், சட்டென்று நின்று தன் தோளையே திரும்பிக் கடித்தது. அந்தப் பழைய காயம்தான் வலித்தது போலும். கடித்தபோது காது மறுபடியும் தெரிந்தது. ஐந்து, ஆறு. முன்னால் மடிந்து விழுந்தது. என் காலடியிலிருந்து ஏழெட்டுத் தப்படி தூரம். விழுந்தும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, ஒரு பாதம் பனியைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. கிட்டே போய்க் குழலைக் காதுக்குப் பின்னால் வைத்து ஏழாவதைச் சுட்டேன். பாவம், ஒரு குண்டில் போக வேண்டியது. பெரிய துப்பாக்கியாக இருந்தால் முதல் நாளே, வலியே தெரியாமல் போயிருக்கும்.

கூப்பாக் மீனைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். ஒரு வெடிச் சத்தமும் அவர் காதில் விழவில்லை. மீனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் கரடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மீனைப் பனியில் மெதுவாக வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கப் பார்த்தார். என் விரல்கள் பிரியவில்லை. ஒவ்வொரு விரலாக அவரே பிரித்து எடுத்தார். வழக்கம்போல் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "டீ போடவா?" என்றார், ஏரி முழுதும் கேட்கும்படி.

மாலிக்கி கரடியின் அருகே மண்டி போட்டுத் தோளைத் தடவிக்கொண்டிருந்தான். நாலு துளையும் ஒரு சாண் இடத்துக்குள் இருந்தன. அவ்வளவு நன்றாகச் சுட்டிருக்கிறான். ஒன்றுகூடக் கொழுப்பைத் தாண்டி உள்ளே போகவில்லை. அவன் விசும்பி விசும்பி அழுதான். சித்தப்பா அழும்போது பார்க்கக் கூடாது, நான் கூடாரத்துக்குள் போய்விட்டேன்.

அன்று அங்கேயே தங்கித் தோலை உரித்து, மறுநாள் மத்தியானம் ஊர் திரும்பினோம். முதல் ரத்தம் எடுத்தவனுக்குத்தான் கரடி சொந்தம், ஆகவே தோல் மாலிக்கியுடையது. லீட்டியா மறுபடியும் எஃப்.எம்.மில் பேசி ஊரைக் கூட்டிவிட்டாள். பானை கொதித்தது. கூப்பாக் குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். மாலிக்கி அதே சுவரோரம் குந்தியிருந்தான். எல்லோரும் அவன் தோளைத் தட்டித் தட்டி, "ஒண்ணும் கிடைக்கலையா? பாவம்" என்று கேலி செய்துகொண்டிருந்தார்கள்.

லீட்டியா இறைச்சியை அரிந்துகொண்டே, "என்னதான் மதினி நடந்தது, நீங்களாவது வாயத் திறங்க" என்றாள்.

உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "கரடி சாகல லீட்டியா. காயத்தோட உங்க அண்ணனைத் தேடிப் போயிருந்துச்சு. நான் பயந்துட்டேன். கை நடுங்குச்சு. ஒரு குண்டு காத்துல போச்சு. இனிமே என்னால முடியாது, நான் ஓய்ஞ்சுட்டேன்."

சிரிப்பில் கூடமே இடிந்தது. அந்தக் கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் தங்கச்சி மாதிரி ஒரே அச்சு" என்றார். அக்கா தம்பி என்று சொல்ல வேண்டும், சிரிப்பில் அவருக்கு முறையே குழம்பிவிட்டது. "குப்பைமேட்டுப் பக்கம் அடுத்த கரடி வந்தா ஊவிலூவக் கூப்பிடுவோம், கை நடுங்கியே அடிச்சிடுவா" என்று யாரோ சொன்னார்கள். லீட்டியா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் மறுபடியும், "நிஜமாத்தான் சொல்றேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, முந்தின நாள் மாலிக்கி எங்கே உட்கார்ந்திருந்தான் என்று. இந்தச் சிரிப்புக்கு நடுவில் நாலு மணி நேரம்.

கூப்பாக்குக்கு இந்தச் சிரிப்பு எதுவும் கேட்கவில்லை. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் வைத்திருந்தும் அது ஆடிக்கொண்டிருந்தது. ரொட்டியைக் கீழே வைத்தார்.

"பெட்டி காலியா இருந்துச்சு" என்றார். அவர் சாதாரணமாகப் பேசினாலே கத்தல்தான். கூடம் முழுவதும் திரும்பியது. "நேத்துல இருந்து கேக்கணும்னு இருந்தேன். எத்தனை சுட்டே?"

"ஏழு" என்றேன். அவருக்குக் கேட்காதே என்று ஏழு விரலைக் காட்டினேன்.

அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தத் துப்பாக்கியைத் தெரியும். அது எத்தனை பிடிக்கும் என்றும் தெரியும். சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. லீட்டியாவின் கத்தி இறைச்சியின் மேலேயே நின்றுவிட்டது. அவள் தன் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சுவரோரம் திரும்பினாள்.

"அப்ப நீங்க சொன்னது..." என்றாள்.

"நாலு" என்றான் மாலிக்கி. "தோள்ல. நேத்துக் காலையிலயே சொன்னேன்."

லீட்டியா கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொன்னீங்க சித்தப்பா" என்றேன். நாற்பது வருடத்தில் அன்றைக்குத்தான் அந்த 'நீங்க' வாய் கூசாமல் வந்தது.